கிளம்பச் சொல்வது யார்?

ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். மூன்று டீ ஆகிவிட்டது.

கேட்டவர் அப்படிப்பட்டவர். எங்கள் தெருமுனைக் கடைக்குத் தினமும் பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற ஹவில்தார். பட்டாளத்தில் பதினேழு வருடம். செய்தியில் ‘படை’ என்ற சொல் கண்ணில் பட்டால் போதும், கையிலிருக்கும் வடையை அப்படியே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைப்பார். அன்றைக்கு ஐரோப்பிய நாடுகள் ஆயுதம் வாங்கக் கூட்டாகக் கடன் எடுப்பதைப் பற்றி ஒரு செய்தி வந்திருந்தது.

“தம்பி, இவங்க இருபத்தேழு நாடு. முக்கால்வாசிப் பேருக்கு ஒரே பணம். பாஸ்போர்ட் காட்டாம ஒரு நாட்ல ரயிலேறி இன்னொரு நாட்ல இறங்கிடறான். எல்லாம் சேர்ந்தாச்சு, பட்டாளம் மட்டும் ஏன் சேரல? ஆளில்லையா, காசில்லையா?”

இரண்டும் இருக்கிறது அண்ணே என்றேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளும் 2024-ல் பாதுகாப்புக்குச் செலவழித்தது 34,300 கோடி யூரோ. சீருடையில் இருப்பவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். ஆனால் அந்தப் பத்து லட்சம் பேரையும் பார்த்து ‘கிளம்பு’ என்று சொல்லக்கூடிய ஒரு வாய் இல்லை. கதையே அதுதான்.

ஒரே பட்டாளம் வைக்க அவர்கள் முயலாமல் இல்லை. எழுபது வருடத்துக்கு முன்பே முயன்றார்கள். 1950-ல் கொரியாவில் போர் மூண்டது. ஐரோப்பாவிலும் சோவியத் படை இறங்கினால் என்ன செய்வது என்ற பயம் வந்தது. மேற்கு ஜெர்மனிக்கும் ஆயுதம் கொடுங்கள் என்றது அமெரிக்கா. பிரான்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெர்மன் படை பாரிஸை விட்டுப் போய் ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. அப்போது பிரெஞ்சுப் பிரதமராக இருந்த ரெனே பிளெவன் ஒரு யோசனை சொன்னார். ஜெர்மன் சிப்பாய்கள் இருக்கட்டும், ஜெர்மன் ராணுவம் வேண்டாம். எல்லா நாட்டுச் சிப்பாய்களையும் கலந்து ஐரோப்பியப் படை ஒன்றை அமைப்போம், அதற்கு ஒரே சீருடை, ஒரே பட்ஜெட் என்றார்.

பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் 1952 மே 27 அன்று பாரிஸில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஜெர்மனியும், பெனலக்ஸ் எனப்படும் கடைசி மூன்று நாடுகளும் தத்தம் நாடாளுமன்றங்களில் ஒப்புதலும் வாங்கிவிட்டன. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் முறை வந்தது. ஒப்பந்தத்தை விவாதத்துக்கே எடுக்க வேண்டாம் என்று 319 பேர் வாக்களித்தார்கள், எதிர்த்தவர்கள் 264 பேர். அதோடு ஒப்பந்தம் செத்தது. ஜெயித்தவர்கள் அவையிலேயே எழுந்து நின்று தேசிய கீதம் பாடினார்கள்.

“சம்பந்தம் பேச வந்த வீடே நிச்சயதார்த்தத்தன்னைக்கு மாட்டேன்னுட்டானா?” என்று சிரித்தார் ஹவில்தார்.

அதேதான். அந்த வருடம் மே மாதம்தான் வியத்நாமின் தியென் பியென் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றுச் சரணடைந்திருந்தது. அடிபட்ட நேரத்தில், மிச்சமிருக்கும் ராணுவத்தையும் பொதுவில் வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. மறு வருடம், அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவில் மேற்கு ஜெர்மனி சேர்ந்தது. வாசல் காவல் அமெரிக்காவின் பொறுப்பானது. வீட்டுக்குள்ளே நிலக்கரி, எஃகு, சந்தை, விவசாய மானியம், கடைசியில் பணம் என்று ஒவ்வொரு அறையாக ஐரோப்பியர்கள் சேர்ந்து கட்டினார்கள். வாசலைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை நாற்பது வருடம் வரவில்லை.

அந்தத் தேவை யூகோஸ்லாவியா உடைந்தபோது வந்தது. ஐரோப்பாவின் கொல்லைப்புறத்திலேயே 1992-லிருந்து போஸ்னியாவில் ஊர் ஊராகக் கொன்றார்கள். ஐரோப்பிய நாடுகள் தூதர்களை அனுப்பின, பேச்சு நடத்தின. 1995-ல் நேட்டோ விமானங்கள் குண்டு போட்ட பிறகே போர் நின்றது. உடன்பாடு பேசி முடிக்கப்பட்ட இடம் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரை ஒட்டிய விமானப்படைத் தளம். அந்த அவமானத்தின் பலனாக, 1998 டிசம்பரில் பிரான்ஸின் சான் மாலோ நகரத்தில் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரும் பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக்கும் கூடி, அமெரிக்காவை எதிர்பார்க்காமல் இயங்கும் திறன் ஐரோப்பாவுக்கு வேண்டும் என்று அறிவித்தார்கள்.

மறு வருடமே ஒரு கணக்குப் போட்டார்கள். 60 நாளில் 60,000 பேர் வரை களத்தில் இறக்க வேண்டும், ஒரு வருடம் அங்கே வைத்திருக்க வேண்டும், 2003-க்குள் இதெல்லாம் தயாராக வேண்டும். அது நடக்காது என்று தெரிந்ததும் இலக்கைச் சுருக்கினார்கள். ‘பேட்டில்குரூப்’ என்று 1,500 பேர் கொண்ட அணிகள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறி மாறி நாடுகள் காவல் இருக்கும், உத்தரவு வந்த பத்தே நாளில் கிளம்பும். 2007 ஜனவரியிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு அணிகள் தயாராக இருப்பது என்று ஏற்பாடு.

“எங்கெல்லாம் போனாங்க?”

எங்கேயும் போகவில்லை. ஒரு முறைகூட அனுப்பப்படவில்லை.

“இத்தனை வருஷமா ஸ்டாண்ட்-டூவா!” என்றார். எதிரி வரப்போகிறான் என்று பதுங்குகுழியில் துப்பாக்கியோடு விடியும்வரை காத்திருப்பதைப் பட்டாளத்தில் அப்படிச் சொல்வார்கள். அவர் சிரிக்கவில்லை, பரிதாபப்பட்டார். இரண்டாவது டீ வந்தது.

சரி, மூவ்மெண்ட் ஆர்டரில் கையெழுத்துப் போடுவது யார் என்று கேட்டார். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

படை அனுப்பும் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தில் பெரும்பான்மை என்ற பேச்சே கிடையாது. 27 அரசுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். ‘நான் வரவில்லை, தடுக்கவும் இல்லை’ என்று ஒதுங்கி நிற்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் ‘கூடாது’ என்று ஒருவர் சொன்னாலே போதும், எல்லாம் நின்றுவிடும். ஊர் கூடித் தேர் இழுப்பதென்றால் வடம் பிடிப்பவர்கள் பல பேர், சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்கள் ஒன்றிரண்டு பேர். இங்கே வடம் பிடிக்கும் இருபத்தேழு பேர் கையிலும் ஆளுக்கொரு முட்டுக்கட்டை.

அந்தச் சம்மதம் கிடைத்தாலும் படை கிளம்பாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சட்டம். ஜெர்மன் சிப்பாய் வெளிநாட்டுக் களத்துக்குப் போக வேண்டுமென்றால் அவர்கள் நாடாளுமன்றம் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும் என்று அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 1994-ல் தீர்ப்பளித்தது. ஹிட்லர் காலத்தின் தழும்பு அது. பிரான்ஸில் அதிபர் படையை அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தால் போதும், நான்கு மாதத்தைத் தாண்டினால்தான் அனுமதி வாங்க வேண்டும். அயர்லாந்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் அனுப்ப மூன்று பூட்டுகளைத் திறக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஐ.நா.வின் ஒப்புதல், அமைச்சரவையின் முடிவு, நாடாளுமன்றத்தின் சம்மதம். இதைத் தளர்த்தலாமா என்று இப்போது அங்கே பெரிய வாக்குவாதம். டென்மார்க் முப்பது வருடம் இந்த ராணுவக் கூட்டே வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டு வெளியே நின்றது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு, 2022 ஜூன் மாதம் பொது வாக்கெடுப்பு நடத்தித்தான் உள்ளே வந்தது.

“அப்போ இதுவரைக்கும் யாருமே எங்கேயுமே போகலையா?”

போயிருக்கிறார்கள். பேட்டில்குரூப் வழியாக அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாக ஆள் பிடித்து. 2004 டிசம்பரில் போஸ்னியாவின் அமைதிக் காவலை நேட்டோவிடமிருந்து ஐரோப்பியப் படை ஏற்றுக்கொண்டது. 2008 டிசம்பரிலிருந்து சோமாலியக் கடலில் கொள்ளையரைத் தடுக்க அவர்களுடைய கப்பல்கள் ரோந்து வருகின்றன. இந்தப் பக்கத்து மாலுமிகள் வேலை செய்யும் சரக்குக் கப்பல்களும் அந்த வழியாகத்தான் போய் வருகின்றன. ஆனால் ஹவில்தாருக்கு நான் விரிவாகச் சொன்னது சாட் நாட்டுக் கதையை. பட்டாளத்துக்காரருக்கு அதுதான் ருசிக்கும்.

சூடானின் டார்ஃபூரில் நடந்த படுகொலைகளுக்குத் தப்பி லட்சக்கணக்கானோர் பக்கத்து நாடான சாட்டின் கிழக்குப் பகுதிக்கு ஓடி வந்திருந்தார்கள். அகதி முகாம்களைக் காக்கப் படை அனுப்ப 2007 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது. அப்போது வெளியே நின்ற டென்மார்க் தவிர மற்ற 26 பேரும் சம்மதித்துவிட்டார்கள். தளபதி அயர்லாந்துக்காரர், அதாவது எந்த ராணுவக் கூட்டணியிலும் சேராத நாட்டுக்காரர். தலைமையகம் பாரிஸ் அருகே மோன் வலேரியன் கோட்டை. எல்லாம் சரி, சிப்பாயும் ஹெலிகாப்டரும் தருவது யார்? அதற்கென்று கூட்டம் போட்டார்கள். ஒன்றல்ல, ஐந்து கூட்டம். ‘உங்களால் எத்தனை ஹெலிகாப்டர் தர முடியும்?’ என்று கேட்டால், வந்த அதிகாரிகள் குனிந்து கோப்பைப் புரட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்திலேயே பணக்கார நாடுகள் சில அந்த மேசையில் இருந்தன. ஹெலிகாப்டரும் சரக்கு விமானமும் கள மருத்துவமனையும் கிடைக்காமல் மாதங்கள் ஓடின. கடைசியில் பெரும்பாலான குறைகளைப் பிரான்ஸே இட்டு நிரப்பியது. 2008 மார்ச்சில்தான் படை வேலையைத் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 3,700 பேர் இருந்தார்கள், அதில் பாதிக்கு மேல் பிரெஞ்சுக்காரர்கள். ஹெலிகாப்டர் போதவில்லை என்று அந்த வருடக் கடைசியில் நான்கு ஹெலிகாப்டர்கள் வேறு ஒரு நாட்டிலிருந்து வந்தன.

“எந்த நாடு?”

ரஷ்யா.

ஹவில்தார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“ரேஷன் எப்படிப் போச்சு?” என்பது அவருடைய அடுத்த கேள்வி. கேமரூனின் டுவாலா துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கி, அங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தரை வழியாக. மழைக்காலத்தில் பாலைவன ஓடைகள் நிரம்பி வழி அடைபட்டுவிடும். “அதான் ஹெலிகாப்டர் கேட்டிருக்கான்” என்று தலையாட்டினார்.

செலவு எப்படிப் பிரிகிறது என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கிறது. ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தப்படி, பொது பட்ஜெட்டிலிருந்து ராணுவ நடவடிக்கைக்குப் பணம் எடுக்கக் கூடாது. தலைமையகம் மாதிரி சில பொதுச் செலவுகளைத்தான் நாடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். மற்றதெல்லாம் போகிறவர் தலையில். கல்யாண வீட்டில் பந்தி பரிமாற வந்தவனே அரிசியும் காய்கறியும் வாங்கி வர வேண்டும் என்றால் யார் வருவார்கள்? வராதவனுக்கோ செலவும் இல்லை, இழப்பும் இல்லை. பேட்டில்குரூப் கிளம்பாததற்கு முட்டுக்கட்டை எவ்வளவு காரணமோ, இந்தக் கணக்கும் அவ்வளவு காரணம்.

மூன்றாவது டீக்குச் சொல்லிவிட்டு அவரே ஆரம்பித்தார். “சரி, உக்ரைன் வந்த பிறகாவது திருந்தினாங்களா?”

பண விஷயத்தில் வேகமாக மாறினார்கள். பொதுப் பெட்டியில் கை வைக்கக் கூடாது என்பதால் அதன் பக்கத்திலேயே தனியாக ஓர் உண்டியலை 2021-ல் வைத்திருந்தார்கள். பெயர் ‘ஐரோப்பிய அமைதி நிதி’. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த சில நாட்களில், அந்த உண்டியலிலிருந்து ஆயுதத்துக்குப் பணம் போனது. ஒன்றியத்தின் வரலாற்றில் போரில் இருக்கும் நாட்டுக்கு அப்படிப் பணம் கொடுத்தது அதுவே முதல் முறை. உண்டியல் 1,700 கோடி யூரோ வரை வளர்ந்தது. பிறகு ஹங்கேரி கட்டையைப் போட்டது, 600 கோடிக்கு மேல் நீண்ட காலம் முடங்கிக் கிடந்தது.

பொருள் விஷயத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. 2023 மார்ச்சில், ஒரு வருடத்தில் பத்து லட்சம் பீரங்கிக் குண்டுகள் தருவதாக உக்ரைனுக்கு வாக்குக் கொடுத்தார்கள். கெடு முடிந்தபோது போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய பாதி. அதற்குத் தொழிற்சாலைகளின் வேகம் ஒரு காரணம். வேறொன்றும் இருக்கிறது. 155 மில்லிமீட்டர் என்பது நேட்டோ நாடுகளுக்குப் பொதுவான அளவு. ஆனால் அதைச் சுடும் பீரங்கிகள்? பிரான்ஸின் சீசர் லாரியில் ஏறி வரும். ஜெர்மனியின் பான்ஸர்ஹவ்பிட்ஸ சங்கிலிச் சக்கரத்தில் வரும். போலந்தின் கிராப், ஸ்லோவாகியாவின் ஜுஸானா, ஸ்வீடனின் ஆர்ச்சர் எல்லாம் அதே 155. எல்லாமே உக்ரைனுக்குப் போயின. குண்டின் விட்டம் ஒன்றுதான். பின்னால் வைக்கும் வெடிமருந்தும், எந்தக் கோணத்தில் சுட்டால் எங்கே விழும் என்று சொல்லும் கணினியும், உடைந்தால் மாட்ட வேண்டிய உதிரி பாகமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. எல்லார் வீட்டுப் பூட்டும் ஒரே அளவுதான், சாவி மட்டும் வேறு வேறு.

2017-ல் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் ஒரு பட்டியல் வெளியிட்டது. அமெரிக்காவிடம் ஒரே வகைப் பிரதான டாங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 17 வகை. பெரிய ஆயுத அமைப்புகள் அமெரிக்காவில் 30 வகை, ஐரோப்பாவில் 178. ஏன் இப்படி? ஒவ்வொரு வகைக்கும் பின்னால் ஒரு தொழிற்சாலை, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பின்னால் ஒரு தொகுதி. நம் விமானப்படை வாங்கிய ரஃபேலே அப்படிப் பிறந்ததுதான். ஐந்து நாடுகள் சேர்ந்து ஒரே போர் விமானம் செய்யப் பேசிக்கொண்டிருந்தபோது, விமானந்தாங்கிக் கப்பலிலும் இறங்கும்படி இருக்க வேண்டும், வடிவமைப்பில் எங்கள் கை ஓங்கியிருக்க வேண்டும் என்று பிரான்ஸ் 1985-ல் விலகித் தனியாகச் செய்தது. மற்ற நால்வரும் செய்தது யூரோஃபைட்டர்.

ரயிலும் அப்படித்தான். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீட்டர். ரஷ்ய எல்லையிலுள்ள பால்டிக் நாடுகளிலோ 1,520. மீட்டர் கேஜ் காலத்தில் மூட்டையோடு இறங்கி வண்டி மாறியவர்களுக்கு இது புரியும். அங்கே இறக்கி ஏற்ற வேண்டியது மூட்டையல்ல, டாங்கி. அந்த டாங்கி இன்னொரு நாட்டு எல்லையைத் தாண்ட, ஓர் உறுப்பு நாடு 45 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது என்று அவர்களுடைய தணிக்கை நீதிமன்றமே 2025-ல் எழுதியது.

“நாப்பத்தஞ்சு நாள்ல சண்டையே முடிஞ்சிடும்” என்றார் ஹவில்தார்.

அந்த வருடம் ஜனவரியில் டிரம்ப் மறுபடி அமெரிக்க அதிபரானார். வாசலில் நின்ற காவல்காரர் ‘உங்கள் வீட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிற தொனியில் பேச ஆரம்பித்தார். மார்ச் மாதம் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லேயன் 80,000 கோடி யூரோத் திட்டத்தை அறிவித்தார். அதில் பெரும்பகுதி, நாடுகள் தங்கள் பட்ஜெட் வரம்பைத் தாண்டிச் செலவழிக்கலாம் என்கிற அனுமதிதான். மீதி 15,000 கோடி, ஒன்றியம் தன் பெயரில் வாங்கி உறுப்பு நாடுகளுக்குத் தரும் கடன். பேப்பரில் வந்திருந்தது இதைப் பற்றித்தான். பொருளின் மதிப்பில் குறைந்தது 65 சதவீதம் ஐரோப்பாவிலோ உக்ரைனிலோ உருவாகியிருக்க வேண்டும் என்று நிபந்தனை. இதற்கு ஒருமனது தேவைப்படாதபடி, ஒப்பந்தத்தில் நெருக்கடிக் காலத்துக்கென்று இருந்த ஒரு பிரிவைப் பிடித்தார்கள். முட்டுக்கட்டையை எடுக்க முடியாதவர்கள் தேரை வேறு தெரு வழியாகத் திருப்பியது மாதிரி.

“அப்போ சேர்ந்து கடன் வாங்கலாம், சேர்ந்து ஆயுதம் வாங்கலாம். கையெழுத்து மட்டும் சேராது?”

சில இடங்களில் அதன் விளிம்பு வரை போயிருக்கிறார்கள் என்றேன். பெல்ஜியமும் நெதர்லாந்தும் 1996-லிருந்து கடற்படைக்கு ஒரே செயல் தலைமை வைத்திருக்கின்றன. டாங்கிகளை விற்றுவிட்ட நெதர்லாந்தின் சிப்பாய்கள், ஜெர்மன் பட்டாலியன் ஒன்றுக்குள் ஒரு கம்பெனியாக இருந்து டாங்கி ஓட்டுகிறார்கள். 2017-லிருந்து பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் மூன்றின் வானத்தையும் பெல்ஜிய விமானங்களும் டச்சு விமானங்களும் முறை வைத்துக் காக்கின்றன. லக்ஸம்பர்க்கிடம் சொந்தப் போர் விமானமே இல்லை. கடத்தப்பட்ட விமானம் ஒன்று வந்தால் அதைத் துரத்தும் விமானி பெல்ஜியத்துக்காரராக இருக்கலாம், கீழே இருப்பது டச்சு மண்ணாக இருக்கலாம். ரோந்து பொது. ஆனால் ‘சுடு’ என்று சொல்ல வேண்டியது, அந்த விமானம் எந்த நாட்டு வானத்தில் இருக்கிறதோ அந்த நாட்டு அரசு. மூன்று சின்ன நாடுகள், நூற்றாண்டுக் கணக்கான பழக்கம். அங்கேயும் அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் இன்னொருவரிடம் கொடுக்கவில்லை.

ஒப்பந்தத்தில் சத்தியம் இருக்கிறது. 2009-ல் நடைமுறைக்கு வந்த லிஸ்பன் ஒப்பந்தப்படி, ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்றவர்கள் தங்களால் இயன்ற எல்லா வழியிலும் உதவக் கடமைப்பட்டவர்கள். எழுத்தில் பார்த்தால் இது நேட்டோவின் வாக்குறுதியைவிடக் கறாரானது. நேட்டோவில் ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று படுவதைச் செய்தால் போதும். 2015 நவம்பரில் பாரிஸில் பயங்கரவாதிகள் தாக்கியபோது பிரான்ஸ் இந்தப் பிரிவைப் பயன்படுத்தி உதவி கேட்டது. எல்லாரும் சரி என்றார்கள். பிறகு என்ன உதவி என்பதை ஒவ்வொரு தலைநகரிலும் தனித்தனியாகப் பேசி முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இதைக் கையாலாகாத்தனம் என்று சொல்லிவிடலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு சிப்பாயைச் சாகக்கூடிய இடத்துக்கு அனுப்ப வாக்களித்த எம்.பி., அடுத்த தேர்தலில் அந்தச் சிப்பாயின் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வர வேண்டும். ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் அப்படி வர வேண்டிய ஆள் யார்? அந்த ஆளை உருவாக்காமல் கையெழுத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. 2008 மார்ச்சில், சாட்டில் ஐரோப்பியப் பணியில் இருந்த பிரெஞ்சு வீரர் ஒருவர் வண்டியில் வழி தவறி சூடான் எல்லைக்குள் போய்க் கொல்லப்பட்டார். அவரை அனுப்பும் முடிவில் 26 நாடுகளின் சம்மதம் இருந்தது. துக்கம் ஒரு நாட்டுக்குத்தான் போனது.

ஹவில்தார் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. டீயில் ஆடை கட்டியிருந்தது.

“எங்க யூனிட்ல ஒரு பையன் தவறிப் போனான் தம்பி. பெட்டியோட நான்தான் அவன் ஊருக்குப் போனேன், ஒரு ஆபீசரும் வந்தாரு. அவங்கம்மா, யார் அனுப்பினதுன்னு கேக்கல. எதுக்கு அனுப்பினீங்கன்னுதான் கேட்டாங்க. ஆபீசர் அந்தத் திண்ணையில உக்காந்து பதில் சொன்னாரு. சரியாச் சொன்னாரா இல்லையா, அது வேற. அவர் வந்து உக்காந்தாரு.”

பேப்பரை நாலாக மடித்துக் கடைக்காரரிடம் நீட்டினார்.

“இருபத்தேழு பேருக்கும் சேர்த்து அந்தத் திண்ணையில வந்து உக்கார ஒரு ஆள் கிடைக்கட்டும். பட்டாளம் தானா சேரும்.”